லிட்டர் எடை: வெற்றி நூல்களை ரசிக்கும் முறை

போடிநாயக்கனூரின் ஏலக்காய் வணிகத்தில் காயின் தரத்தைத் தீர்மானிப்பவற்றுள் இரண்டு அளவைகள் முதன்மையானவை. ஒன்று சல்லடை: 7 அல்லது 8 மில்லிமீட்டர் துளைகளின் வழியே விழாமல் தங்கும் காய் பருமனான காயாகப் பிரிக்கப்படுகிறது. மற்றொன்று லிட்டர் எடை, அதாவது ஒரு லிட்டர் கொள்ளளவை நிரப்பும் காய் எத்தனை கிராம் நிற்கிறது என்னும் கணக்கு. அக்மார்க் வரையறையில் முதல்தரப் பச்சைக் காய்க்கு அது 435 கிராம். சல்லடையில் தங்கிய காயெல்லாம் எடையில் தேறுவதில்லை. முற்றுவதற்கு முன் பறித்த காய் பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும் உள்ளே அரிசி எனப்படும் விதை சுருங்கிப் போயிருக்கும். வெற்றி, பணியிடப் பண்பாடு, சமூகம் ஆகியவற்றை விளக்க முற்படும் புனைவல்லாத நூல்களைச் சுவைத்துப் படிக்க விரும்புவோருக்கும் இவ்விரு அளவைகளும் தேவைப்படுகின்றன. புகழும் விற்பனையும் நூலின் பருமனைக் காட்டும். ஆசிரியர் யாரைப் பார்த்தார், எத்தனை காலம் பார்த்தார், எதனோடு ஒப்பிட்டார் என்பதே உள்ளிருக்கும் அரிசி.

இத்தகைய நூல்களை வாய்பாட்டுப் புத்தகமாகக் கையில் எடுப்போரும், வெறும் வணிகச் சரக்கு என்று ஒதுக்குவோரும் ஒரே இன்பத்தை இழக்கிறார்கள். ஓர் ஆசிரியர் சிதறிக் கிடக்கும் வாழ்க்கைகளைச் சேகரித்து, அவற்றுக்கிடையே ஒரு காரணத் தொடர்பை எப்படிக் கட்டுகிறார் என்பதைப் பின்தொடர்வதே அந்த இன்பம். ஜிம் காலின்ஸ் 2001இல் வெளியிட்ட 'குட் டு கிரேட்' இதற்குத் தக்க சான்று. 1,435 நிறுவனங்களிலிருந்து 11ஐ மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதே தொழிலில் இருந்தும் உயராத ஒரு நிறுவனத்தை இணையாக வைத்து ஒப்பிட்டது அந்நூலின் உண்மையான உழைப்பு. அதைப் பாராட்டாமல் கடந்து போவது நியாயமாகாது. ஆனால் அந்த 11இல் ஒன்றான சர்க்யூட் சிட்டி 2008இல் திவாலானது. மற்றொன்றான ஃபேனி மே அதே ஆண்டில் அமெரிக்க அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டது. இதற்கு ஓராண்டு முன்பே 'தி ஹேலோ எஃபெக்ட்' என்னும் நூலில் ஃபில் ரோசன்சுவைக் இவ்வகை ஆய்வுகளின் அடிப்படைக் குறையைச் சுட்டியிருந்தார். ஒரு நிறுவனம் லாபம் ஈட்டும்போது அதன் தலைவரைத் துணிச்சல்காரர் என்றும், நட்டம் வந்தபின் அதே குணத்தை அகந்தை என்றும் செய்தியாளர்கள் எழுதுகிறார்கள். அச்செய்திகளைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர் காரணத்தைக் கண்டதாக நினைத்து விளைவையே மீண்டும் கண்டெடுக்கிறார். இதற்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர். இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஒரு நீண்ட வழக்கில் இரு தரப்பு வாதங்களையும் கேட்ட நிறைவு கிடைக்கும்.

வாசகர் தமக்கு நன்கு தெரிந்த ஓர் ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் இந்நூல்களின் சுவை பன்மடங்காகிறது, ஏனெனில் அச்சில் உள்ள காரணத்தை ஊரில் உள்ள காரணத்தோடு உரசிப் பார்க்க முடிகிறது. ஏலக்காய் விளையும் ஏலமலைச் சரிவு இதற்கு வாய்ப்பான இடம். 2018இன் கேரளப் பெருவெள்ளத்துக்கும் அதையடுத்த வறட்சிக்கும் பிறகு, 2019 ஆகஸ்டில் ஏலக்காய் ஏலத்தில் அதிகபட்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. மூன்றாண்டுகளுக்குள் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. 2019இல் பெருஞ்செல்வம் கண்ட தோட்டக்காரர் ஒருவரின் வரலாற்றை அவ்வாண்டிலேயே எழுதியிருந்தால் அது விடாமுயற்சியின் கதையாகியிருக்கும். அதே வரலாற்றை 2022இல் எழுதியிருந்தால் மழையின் கதையாகியிருக்கும். ஆகவே வெற்றி நூல் எதையும் திறக்கும்போது அதன் சான்றுகள் எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடிகின்றன என்பதை முதலில் குறித்துக்கொள்வது நல்ல வாசிப்புக்கு அடித்தளமாகிறது.

செயலைச் செய்தவரைத் தேடுதல் மற்றொரு பழக்கம். செய்தவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடிக்கத் தமிழ் இடம் கொடுப்பதால், தோட்டம் உருவாக்கப்பட்டது, விளைச்சல் பெருக்கப்பட்டது என்று படிக்கும்போது உருவாக்கியவர் யார், பெருக்கியவர் யார் என்னும் கேள்வி எழாமலே பக்கம் புரண்டுவிடுகிறது. இடுக்கி மாவட்டத்தின் கட்டப்பனைப் பகுதியைச் சேர்ந்த விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்துச் செடிகளைக் கூர்ந்து கவனித்துத் தெரிவு செய்த 'ஞள்ளானி' என்னும் ரகம் ஏலக்காய் விளைச்சலையே மாற்றியமைத்தது. இந்தத் தனிமனிதச் சாதனை எத்தனை முறை சொன்னாலும் தகும். எனினும் அந்த ரகத்தின் காய்களைப் பறிக்க, தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளிப் பாதைகளில் விடியும் முன்பே ஜீப்புகளில் மலையேறும் பெண்களும் விளைச்சலைப் பெருக்கியவர்கள் என்ற பெயரில் பங்குடையவர்கள். அவர்களுக்கு இடம் கொடுக்கும் நூல் எது, கொடுக்காத நூல் எது என்று பிரித்தறிவதே ரசனையின் பெரும்பகுதி.

வெற்றியைப் பற்றித் தமிழில் கிடைக்கும் நூல்களுள் லிட்டர் எடை மிகுந்தது 'மிச்சம் மீதி' எனலாம். பழ வியாபாரியான எம்.பி. மாரியப்பனும் அவருடைய பேரனான மானிடவியலாளர் ஆனந்த் பாண்டியனும் இணைந்து எழுதிய இந்நூலைக் காலச்சுவடு பதிப்பகம் 2012இல் வெளியிட்டது. இதன் ஆங்கில வடிவமான 'அய்யாஸ் அக்கவுண்ட்ஸ்' 2014இல் வந்தது. தாயை இளமையிலேயே இழந்து, பர்மாவில் வளர்ந்து, இரண்டாம் உலகப் போரின்போது கால்நடையாகவும் படகிலும் மாட்டுவண்டியிலும் ரயிலிலுமாக 1,700 மைல் கடந்து ஊர் திரும்பி, கடை வைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, சந்ததியைக் கடல் கடந்து அனுப்பிய ஒருவரின் வாழ்க்கை இது. மேலோட்டமாகப் பார்த்தால் வெற்றிக் கதைக்குரிய எல்லா உறுப்புகளும் இதில் உள்ளன. ஆயினும் தலைப்பே வேறொரு திசையைக் காட்டுகிறது. வணிகர் நாள் முடிவில் பற்றும் வரவும் கூட்டி இறுதியில் நிற்பதைப் பார்ப்பதுபோல் ஒரு வாழ்க்கை இங்கே பார்க்கப்படுகிறது.

ஆய்வாளர்கள் எஞ்சியோர் சாய்வு என்று அழைக்கும் பிழை ஒன்று உண்டு. கரை சேர்ந்தவர்களை மட்டும் விசாரித்துவிட்டு, அவர்களிடம் கண்ட குணமே கரை சேர்த்தது என்று முடிவு கட்டுவது அது. மூழ்கியவர்களிடமும் அதே குணம் இருந்திருக்கக்கூடும் என்பது அங்கே மறக்கப்படுகிறது. பர்மாவிலிருந்து திரும்பிய பாதைகளில் பல்லாயிரம் இந்தியர்கள் மாண்டுபோனார்கள். ஊர் சேர்ந்தவர்களின் உறுதி மட்டுமே காரணமென்றால் மாண்டவர்களை உறுதியற்றவர்கள் என்று சொல்ல நேரும். அப்படிச் சொல்ல எவருக்கும் நா எழாது. இந்த உணர்வோடு 'மிச்சம் மீதி'யை வாசிப்பவர், தாத்தாவின் குரலும் பேரனின் குரலும் மாறி மாறி வரும் அதன் அமைப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஒருவர் கணக்குச் சொல்கிறார், மற்றவர் அந்தக் கணக்கு எந்த நூற்றாண்டின் பேரேட்டில் எழுதப்பட்டது என்று காட்டுகிறார். இரண்டையும் ஒன்றாகக் கலக்காமல் விட்டதுதான் இந்நூலின் நேர்மை.

பணியிடப் பண்பாடு என்னும் சொல் பெரும்பாலும் அலுவலகக் கூடங்களையே நினைவூட்டுகிறது. ஆனால் வேலை செய்யும் இடமும் குடியிருக்கும் லயமும் பிள்ளை பிறக்கும் மருத்துவமனையும் ஒரே முதலாளியின் கீழ் அமைந்த தேயிலைத் தோட்டத்தைவிட முழுமையான பணியிடம் வேறொன்று இருக்க முடியாது. ஏலமலையின் தெற்கே பீர்மேட்டுத் தோட்டங்களைப் பற்றி ஜெயசீலன் ராஜ் எழுதிய 'பிளாண்டேஷன் கிரைசிஸ்' (2022) அத்தகைய பணியிடம் சரிந்தபோது நேர்ந்ததைச் சொல்கிறது. தேயிலைத் தொழில் நெருக்கடியில் தோட்டங்கள் முடங்கியபின், தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழ்த் தலித் தொழிலாளர்கள் வேலை தேடி வெளியேறுகிறார்கள். லயங்களுக்குள் ஓரளவு தணிந்திருந்த சாதி இழிவு வெளியூர்களில் மீண்டும் அவர்கள் முன் வந்து நிற்கிறது. வேலை இழப்பு என்பது கூலி இழப்போடு முடிவதில்லை என்னும் செய்தியை இவ்வளவு பொறுமையாக விரித்துச் சொன்ன நூல்கள் குறைவு. யூசிஎல் பிரஸ் இதை எவரும் கட்டணமின்றிப் பதிவிறக்கிப் படிக்கும் வகையில் வெளியிட்டிருப்பதும் குறிப்பிடத்தக்கது.

இந்நூலைப் படிக்கும்போது மூணாற்றின் அண்மை வரலாற்றையும் அருகில் வைத்துக்கொள்வது பயன் தரும். 2005இல் அங்குள்ள பெரும் தோட்டப் பரப்பு ஊழியர்களே பெரும்பான்மைப் பங்குகளை வைத்திருக்கும் நிறுவனமொன்றுக்கு மாற்றப்பட்டது. பங்கேற்பு மேலாண்மை, அதாவது உழைப்பவரே உடைமையாளராகவும் முடிவெடுப்பவராகவும் பங்கு பெறும் முறை, என்று அந்த ஏற்பாடு புகழப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பின், 2015 செப்டம்பரில், போனஸ் 10 சதவீதமாகக் குறைந்ததை எதிர்த்து, பெரும்பாலும் தமிழர்களான பெண் தொழிலாளர்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் திரண்டார்கள். நிர்வாகத்தை மட்டுமல்லாமல் தங்கள் பெயரால் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி நிறுத்தி, 20 சதவீதத்தைப் பெற்ற பிறகே போராட்டத்தை முடித்தார்கள். உடைமைப் பத்திரம் ஒருவர் கையில் இருப்பதும் அவர் சொல் கூட்டத்தில் ஏறுவதும் வேறு வேறு என்பதை மேலாண்மை நூல்கள் பல பக்கங்களில் விளக்குகின்றன. மலைச்சாலையில் அமர்ந்த பெண்கள் அதைச் சில நாட்களில் விளக்கிவிட்டார்கள்.

உழைப்பு எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வியில் இரு நூல்களை மோதவிட்டுப் பார்ப்பது மிகுந்த சுவை தரும். மால்கம் கிளாட்வெல் 'அவுட்லையர்ஸ்' (2008) நூலில், நெல் வயலின் நுணுக்கமான வேலை சீன மக்களுக்கு விடாமுயற்சியைப் பண்பாட்டு மரபாகக் கொடுத்தது என்று வாதிடுகிறார். போடிநாயக்கனூருக்குத் தெற்கே, 1895 முதல் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் ஆய்வு செய்த ஆனந்த் பாண்டியன், 'குரூக்கட் ஸ்டாக்ஸ்' (2009) நூலில் அவ்வளவு நேரான கோட்டை வரைவதில்லை. பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் பிறவிக் குற்றவாளிகளாக முத்திரையிட்ட குற்றப் பரம்பரைச் சட்டமும், அவர்களை உழவின் வழியே திருத்த முயன்ற ஆட்சியும், அச்சட்டத்தை எதிர்த்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச்சூடும் சேர்ந்த வரலாறு அங்கு வாழும் அச்சமூகத்துக்கு உண்டு. அங்கே உழைப்பும் அடக்கமும் பரிவும் நெல்லோடு தானாக முளைத்தவை ஆகா. சில வற்புறுத்தப்பட்டவை, சில பழைய தமிழ் மரபிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டவை, சில ஒவ்வொருவரும் தம் மனத்தோடு மல்லுக்கட்டி அடைந்தவை. நிலத்தைப் பண்படுத்துவதற்கும் மனிதர் பண்படுவதற்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பதை அந்நூல் பற்றிக்கொள்கிறது. கிளாட்வெல்லின் அத்தியாயத்தை முதலில் ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டு, பிறகு பாண்டியனின் நூலை நாளுக்குச் சில பக்கங்களாக, நாற்று நடும் வேகத்தில் படிப்பது பொருத்தமாக இருக்கும்.