விரைவுச் செய்தியில் எழுவாய்: இளம் பார்வையாளரை ஈர்க்கும் வடிவமும் அதன் மொழியும்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் தமிழ்ச் செய்தி, குறித்த நேரத்தில் முழுமையான தொடர்களில் நிதானமாக வாசிக்கப்பட்டது. 1993இல் சன் தொலைக்காட்சி தோன்றியது; 2011இல் புதிய தலைமுறை செய்திக்கெனவே தொடங்கப்பட்டது. செய்தி அலைவரிசைகள் பெருகிய சூழலில், சில நிமிடங்களில் பல செய்திகளை அடுக்கித் தரும் விரைவுச் செய்தி பரவலான வடிவமாயிற்று.

இவ்வடிவம் இளையோரை ஈர்ப்பதற்கு அதன் சுருக்கம் மட்டுமே காரணமன்று. எந்த இடத்தில் பார்க்கத் தொடங்கினாலும் அடுத்த செய்தி புதிதாகத் தொடங்குகிறது. முன்னர் நிகழ்ந்ததை அறிந்திருக்க வேண்டியதில்லை. திரையில் எழுத்தும் உடன் வருவதால், பேருந்திலோ விடுதி அறையிலோ ஒலியின்றியே கைப்பேசியில் படித்துவிடலாம். நேரத்தைச் சிக்கனமாகக் கையாளும் பார்வையாளரை மதிக்கும் வடிவம் இது. ஆகவே, இதனை மேலோட்டமானது என்று ஒதுக்கிவிடுவது முறையான திறனாய்வாகாது.

குறை வேறிடத்தில் உள்ளது. விரைவுச் செய்தியின் தொடர் பெரும்பாலும் வினைமுற்றில் முடிவதில்லை. 'கைது', 'மீட்பு', 'அகற்றம்', 'ஒத்திவைப்பு' எனச் செயலைக் குறிக்கும் பெயரில் முடிகிறது. வினை உணர்த்தும் ஆறனுள் செய்பவனையும் காலத்தையும் நன்னூல் சேர்த்துக் கூறுகிறது. வினை பெயராகச் சுருங்கும்போது இவ்விரண்டும் தொடரிலிருந்து நழுவுகின்றன. 'குடிசைகள் அகற்றம்' என்னும் தொடரில் அகற்றியவர் யார் என்பது இல்லை; அகற்றியாயிற்றா, இனிமேல்தான் அகற்றப்போகிறார்களா என்பதும் தெளிவாக இல்லை. 'அகற்றப்பட்டன' என்னும் செயப்பாட்டுவினை காலத்தை மீட்டுத் தருகிறது, செய்தவரைத் தருவதில்லை.

நாளிதழ்த் தலைப்புகளும் இவ்வாறே அமைகின்றன எனலாம். ஆனால், நாளிதழில் தலைப்பின் கீழே செய்தி இருக்கிறது. தலைப்பு விட்டதை அது நிரப்புகிறது. விரைவுச் செய்தியிலோ தலைப்பே முழுச் செய்தி. பிற செய்தி வடிவங்களை நாடாத இளைஞர் ஒருவருக்கு, அரசும் நிறுவனங்களும் செய்பவை யாவும் மழையைப் போலத் தாமாக நிகழ்பவையாகத் தோன்றக்கூடும். பொறுப்பு யாருடையது என்று கேட்பதற்குரிய இடமே தொடரில் இல்லாதபோது, கேள்வியும் எழுவதில்லை.

செய்தவரைச் சொல்லாமை எல்லா இடத்தும் பிழையன்று. 'வெள்ளத்தில் பாலம் சேதம்' என்பதில் மறைக்கப்பட்டவர் எவருமில்லை. குற்றம் உறுதிப்படாத நிலையில் பெயரைத் தவிர்ப்பது அறமும் ஆகும். ஆனால், ஆணையிட்டவரும் நிறைவேற்றியவரும் வெளிப்படையாகத் தெரிந்த நிகழ்வுகளிலும் அதே வாய்பாடு பின்பற்றப்படுவதே ஆய்வுக்குரியது.

நேரமின்மை இதற்குக் காரணமாகாது. 'குடிசைகள் அகற்றம்' இரண்டு சொற்கள். 'மாநகராட்சி குடிசைகளை அகற்றியது' மூன்று சொற்கள். கூடுதலாக வேண்டுவது ஒரு சொல். வாசிப்பில் ஏறத்தாழ ஒரு நொடி. வடிவத்தின் வேகமும் ஈர்ப்பும் இதனால் குறைவதில்லை. இளையோருக்கான செய்தியின் தரத்தை அதன் கால அளவைக் கொண்டு மட்டும் மதிப்பிடாமல், அதன் தொடர்களில் எழுவாய் இடம்பெறுகிறதா என்பதைக் கொண்டும் மதிப்பிடுவதே பொருத்தமாகும்.