சுவிட்சில் இருக்கிற கை

மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஸ்டாப்வாட்சும் கையுமாக முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு சந்துப் பிள்ளையார் கோயிலில் நின்றுகொண்டிருக்கிறேன். கடற்கரைப் பக்கம் பெத்தாங்க் என்ற பிரெஞ்சு விளையாட்டில் குண்டு உருட்டுகிறவர்களைப் பற்றி எழுத வேண்டிய ஆள் தீபாராதனைக்கு ஏன் நேரம் குறிக்கிறான் என்று அர்ச்சனைத் தட்டு விற்கிற அம்மாவே கேட்டுவிட்டார். ஒரு வாத்தியக்காரரின் ஆட்டத்தைக் கவனிக்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மண்டபத்தில் வாத்தியக்காரர் யாரும் இல்லை. மூலையில் மேள மிஷின் மட்டும் இருந்தது.

தமிழ்நாட்டிலும் புதுவையிலும் இதைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். பார்த்திருப்போம், கவனித்திருக்க மாட்டோம். ஆளுயர இரும்புச் சட்டம். நடுவில் ஒரு நகரா, மேலே இரண்டு மணி, பக்கவாட்டில் ஒரு சேகண்டி, ஒரு ஜோடி ஜால்ரா. கீழே சின்ன மோட்டார், அதிலிருந்து பெல்ட் வழியாகச் சுழலும் ஒரு தண்டு. தண்டில் ஆங்காங்கே இரும்பு மூக்குகள் துருத்திக்கொண்டிருக்கும். மூக்கு வந்து குச்சியின் வாலை அழுத்தினால் தலை மேலே எழும்; மூக்கு நழுவியதும் ஸ்பிரிங் இழுக்க, குச்சி நகராவின் மேல் வந்து விழும். எந்த மூக்கு எந்த இடத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கிறதோ அதுதான் தாளம். ஐரோப்பாவில் தெருத்தெருவாகச் சுற்றிய உருளை ஆர்கனுக்கும் இதே சூத்திரம்தான். அங்கே மர உருளையில் முள் அடித்திருப்பார்கள், இங்கே தண்டில் வெல்டிங்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். தொடக்கம் சுமார். சுவிட்ச் போட்டதும் மோட்டார் வேகம் எடுக்கக் கொஞ்சம் அவகாசம் கேட்கிறது. முதல் மூன்று நான்கு அடி தூக்கக் கலக்கத்தில் விழுகிறது. அதன்பின் நடு ஆட்டம் முழுக்க ஒரே காலப்பிரமாணம். விநாடிக்கு மூன்றுக்குக் குறையாமல் அடி, ஒன்றுக்கொன்று இம்மி பிசகில்லை. ஆனால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பஞ்சமுக தீபத்துக்கும் கற்பூரத்துக்கும் ஒரே அடி. முடிவுதான் எனக்குப் பிடித்த கட்டம். சுவிட்சை அணைத்த பிறகும் தண்டு சுழல்கிறது, தளர்கிறது, அடிகளுக்கு நடுவே இடைவெளி நீள்கிறது, கடைசியில் எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று நினைக்கும்போது ஒற்றை மணி மட்டும் தாமதமாக ‘டங்’ என்கிறது. அதை மோரா என்பதா, தீர்மானம் என்பதா என்று எந்த வித்வானும் சொல்ல மாட்டார். எனக்கு என்னவோ அந்த மிஷின் வாசிக்கிற ஒரே சங்கீதம் அதுதான் என்று படுகிறது.

தவிலோடு ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனாலும் ஒப்பிடத்தான் வேண்டும், அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியது தவில்தானே. வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள், தொப்பியில் குச்சி, கழுத்தில் கனம். இத்தனைக்கும் நடுவில் தவில்காரரின் கண் எங்கே இருக்கும்? கல்யாணத்தில் கவனியுங்கள், கண் புரோகிதர் மேல் இருக்கும். பல்லவியின் உச்சத்தில் நாதஸ்வரம் நின்றிருந்தாலும், புரோகிதர் விரலைத் தூக்கி ஆட்டிய கணத்தில் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுக் கெட்டிமேளத்துக்குத் தாவ வேண்டும். தாலி முடிச்சும் மேளமும் ஒன்றாக விழுவது கையின் வேலை மட்டும் இல்லை, கண்ணின் வேலையும்தான். மிஷினுக்குக் கை நிறைய இருக்கிறது, கண் கிடையாது.

அப்படியானால் மூன்று வாரத்தில் முதல் இரண்டு வாரமும் மேளம் எப்படி விளக்கு எழும்பிய அதே கணத்தில் முழங்கியது? முதல் வாரம் நான் மிஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரம்தான் சுவரோரம் சுவிட்ச் பெட்டிக்கு அருகில் சாய்ந்து நின்ற பையனைப் பார்த்தேன். பத்தாவது படிக்கிறான். திரை விலகும் முன்னாலேயே ஆள்காட்டி விரல் சுவிட்ச் மேல் இருந்தது. பார்வை சன்னிதியை விட்டு அசையவில்லை. முடிந்ததும், விளக்கைத் தூக்கும்போது சரியாகப் போடுகிறாயே, எப்படி என்று கேட்டேன்.

“விளக்கைப் பார்த்துப் போட்டா லேட் ஆயிடும்ணே. சாமி விளக்கைத் தூக்குறதுக்கு முன்னாடி இடது கை கைமணிகிட்ட போகும். அப்பவே போட்டுடணும். மோட்டார் ஓடிப் பிடிக்கணும்ல?”

கிரிக்கெட் பயிற்சியாளர்கள் மணிக்கணக்கில் பாடம் நடத்துகிற விஷயம் இது. 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்து மட்டையாளரை அடைய அரை விநாடிகூட ஆகாது. பந்தைப் பார்த்து முடிவெடுத்தால் ஸ்டம்ப் பறந்திருக்கும். ஓட்டம், தோள், மணிக்கட்டு எல்லாம் பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே அவருக்குத் தகவல் சொல்லிவிடுகின்றன. அதனால்தான் வலையில் பந்து வீசும் மிஷினை எதிர்கொள்ளும் நல்ல ஆட்டக்காரர்களும் முதலில் தடுமாறுவார்கள். இரண்டு சக்கரம் சுழல்கிறது, ஓட்டமும் இல்லை, தோளும் இல்லை, திடீரென்று பந்து. இதற்குப் பயிற்சியாளர்கள் கண்டுபிடித்த மருந்து எளிமையானது: பந்தைக் குழாயில் போடுகிறவர் போடும் முன் அதை உயர்த்திக் காட்டுவார். அந்தக் கையைப் பார்த்து மட்டையாளர் தன் அசைவைத் தொடங்குவார். இந்திய அணியோ இன்னும் ஒரு படி போய், பந்தை எறிவதற்கென்றே ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறது. நீளக் கரண்டி போன்ற கருவியால் எறியும் ராகவேந்திராவை விராட் கோலி வெளிப்படையாகப் பாராட்டியிருக்கிறார். இடதுகை எறிக்கு இலங்கையின் நுவன் செனவிரத்னே. பணத்துக்குப் பஞ்சமில்லாத வாரியம், எத்தனை மிஷின் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனாலும் தோளோடு வருகிற பந்துதான் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது.

மிஷினுக்குள் ஆள் இருக்கிற கதைக்கு வரலாற்றில் ஒரு தலைவரே உண்டு. யோகான் மெல்செல். 1815-இல் பாரிஸில், காலப்பிரமாணம் காட்டும் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கியவர். ஒரு வாத்தியக்குழுவையே பெட்டிக்குள் அடைத்த பான்ஹார்மோனிகான் என்ற இயந்திரத்தையும் செய்தவர். அதற்காகவே பீத்தோவன் 1813-இல் ஒரு போர் இசையை எழுதத் தொடங்கினார். இதே மெல்செல்தான் ‘துருக்கியன்’ என்ற சதுரங்க பொம்மையையும் விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் காட்டிக் காசு பார்த்தார். 1770-இல் கெம்பெலென் என்பவர் செய்த அந்த பொம்மை நெப்போலியனுடனும் ஆடியது. பெட்டிக் கதவைத் திறந்தால் பல்சக்கரம் தெரியும். பல்சக்கரத்துக்குப் பின்னால் நன்றாகச் சதுரங்கம் ஆடத் தெரிந்த ஒரு மனிதர் மடங்கி உட்கார்ந்திருப்பார். 1854-இல் பிலடெல்பியாவில் தீயில் எரிந்து போனது பொம்மை மட்டும்தான்.

உருளை ஆர்கனிலும் ஆட்டக்காரர் கைப்பிடி சுற்றுகிறவர்தான். ஒரே கைப்பிடி உருளையையும் சுற்றும், துருத்தியையும் ஊதும். கை சோர்ந்தால் தாளம் மட்டுமல்ல, காற்று குறைந்து சுருதியும் தொய்யும். சும்மா சுற்றுகிற வேலை என்று நினைத்தவன் சுற்றிப் பார்க்கட்டும்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ‘பாறை மேல் வீடு’ என்று ஒரு விசித்திர மாளிகை இருக்கிறது. அலெக்ஸ் ஜோர்டான் என்பவர் கட்டியது. சாலையில் போகிறவர்கள் வண்டியைத் திருப்பிப் போய்ப் பார்க்கிற இடம். அறை அறையாக இசை இயந்திரங்கள், வில்லை போட்டால் வயலின்கள் தாமாகவே அசையும். அசையும், அவ்வளவுதான், அவற்றில் பலவற்றின் ஒலி மறைவில் இருக்கிற குழாய்களிலிருந்து வருகிறது. எங்கள் மேள மிஷின் இந்த விஷயத்தில் யோக்கியம். குச்சி விழுந்த இடத்தில்தான் சத்தம்.

நம் பக்கத்திலேயே பெரிய புள்ளி ஒன்று இருந்தது, திப்புவின் புலி. ஐரோப்பியன் ஒருவனைக் கீழே தள்ளி மேலே படுத்திருக்கும் மரப்புலி. கைப்பிடியைச் சுற்றினால் மனிதன் கையைத் தூக்கி அலறுவான், புலி உறுமும். விலாப்புறத்துப் பலகையைத் திறந்தால் 18 கட்டைகள் கொண்ட சின்ன ஆர்கன். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் எடுத்துப் போனார்கள். லண்டனில் கம்பெனி மாளிகையில் வைத்திருந்த காலத்தில் வருகிறவர் போகிறவரெல்லாம் சுற்றி, அங்கே நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்களைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறார்கள். இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே இருக்கும் விசைகளில் பிரெஞ்சுக் கைவேலை இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அந்தக் கைவேலைக்காரர் பாண்டிச்சேரியில் கப்பல் இறங்கித்தான் மைசூருக்குப் போயிருப்பார் என்று எனக்கு ஓர் ஆசை. ஆதாரம் கேட்காதீர்கள், ஊர்ப் பற்று.

இரண்டாவது ஞாயிறு காலையில் வேறொரு ஆட்டத்தையும் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போய் இடது பக்கம் திரும்பினால் ஆரோவில். அங்கே ‘ஸ்வரம்’ என்று ஒரு வாத்தியப் பட்டறை, ஆஸ்திரியாக்காரரான அவுரேலியோ 2003-இல் தொடங்கியது. சுற்றுவட்டாரக் கிராமத்து இளைஞர்கள் குழாய் அறுத்துச் சுருதி சேர்க்கிறார்கள். தொங்கும் மணிக்குழாய்கள், தட்டினால் பாடும் மரப்பலகைகள். எனக்குப் பிடித்தது கல். கருங்கல்லில் ஆழமாகக் கீறல் கீறலாக அறுத்திருக்கிறார்கள். உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். நான் தேய்த்தேன், ஒன்றும் வரவில்லை. இன்னும் அழுத்தினேன், கை எரிந்தது. பக்கத்தில் ஒரு சிறுமி பூனையைத் தடவுவதுபோல் தடவினாள். கல் அடிவயிற்றிலிருந்து முனகியது. மோட்டார், பெல்ட் ஏதும் கிடையாது. அழுத்தம் கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. பெத்தாங்க் குண்டை எவ்வளவு லேசாக விடுகிறோம் என்பதில்தான் ஆட்டமே என்று ஓர் ஓய்வுபெற்ற பிரெஞ்சுப் படைக்காரர் எனக்குச் சொன்னது அங்கே நினைவுக்கு வந்தது.

மூன்றாவது வாரம் பையன் வரவில்லை. தேர்வாம். சுவிட்சருகே வேறொருவர் நின்றார், கைபேசியை மடித்துச் சட்டைப் பையில் போட்டபடி. திரை விலகியது. குருக்களின் இடது கை கைமணியை எடுத்தது. விளக்கு எழும்பியது. அதைப் பார்த்த பிறகுதான் அவர் சுவிட்சைத் தட்டினார். மோட்டார் முனகி, முதல் அடி விழுந்து, இரண்டாவது அடி விழுந்து, வேகம் பிடிப்பதற்குள் என் ஸ்டாப்வாட்ச் மூன்று விநாடியைத் தாண்டிவிட்டது. குருக்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையாரின் தும்பிக்கைக்கு நேரே விளக்கை அப்படியே நிறுத்திப் பிடித்திருந்தார். மேளம் வந்து சேர்ந்ததும் மீதிச் சுற்றைச் சுற்றினார்.