வயல்வெளியில் ஒளிந்துகொள்வது எப்படி?

தஞ்சாவூர்ச் சீமையில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. மலை இல்லை, குகை இல்லை, காடென்று சொல்லிக்கொள்ளும்படியும் ஒன்றுமில்லை. அறுவடை முடிந்த பின் வரப்பில் ஒருவர் குடை பிடித்து வந்தால் அவர் யார், எந்தத் தெரு என்று அடுத்த ஊர்க்காரர் சொல்லிவிடுவார். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மாதிரியான கதை விளையாட்டை இந்த மண்ணில் நடத்த நினைப்பவருக்கு இதுதான் முதல் தலைவலி. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட அந்த ஆட்டம் நிலவறைகளில் வளர்ந்தது. கதவைத் திறந்தால்தான் அடுத்த அறையில் என்ன இருக்கிறதென்று தெரியும். அந்தத் தெரியாமையில்தான் அதன் ருசியே இருக்கிறது.

ஆடிப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கதையை நடத்துபவரை டிஎம் என்பார்கள். மற்ற நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். என்ன செய்யப்போகிறேன் என்பதை வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். முன்பு ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடியது, ஒருவர் கும்பகோணத்திலும் இன்னொருவர் சிங்கப்பூரிலும் இருக்கும் காலத்தில் கணினிக்குள் குடிபோய்விட்டது. 2004இல் ஃபேன்டஸி கிரவுண்ட்ஸ் என்ற மென்பொருள் வந்தது. 2012இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி ரோல்20 வந்தது. 2020 மே மாதம் ஃபவுண்ட்ரி வந்தது. மேப்டூல் என்று இலவசமாக ஒன்றும் உண்டு. எல்லாவற்றுக்கும் பூச்சொரிய எனக்கு விருப்பமில்லை. என் ஓட்டு ஃபவுண்ட்ரிக்கு. காரணம், அதில் சுவர் எழுப்பும் விதம்.

வரைபடத்தின் மேல் டிஎம் கோடு இழுப்பார். ஆடுபவர்களின் கண்ணுக்குப் படாத அந்தக் கோடுதான் சுவர். அவரவர் பாத்திரத்தைக் குறிக்கும் டோக்கன் நிற்கும் இடத்திலிருந்து எதுவரை பார்க்க முடியுமோ அதுவரைதான் அவரவர் திரையில் தெரியும். இது பல மென்பொருள்களில் உள்ளதுதான். ஃபவுண்ட்ரியில் ஒவ்வொரு சுவருக்கும் நான்கு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கலாம். ஆள் போகலாமா? கண் போகலாமா? வெளிச்சம் போகலாமா? சத்தம் போகலாமா?

இந்த நான்கையும் வைத்துக்கொண்டு டெல்டாவை வரைந்து பாருங்கள். குடமுருட்டியில் தண்ணீர் போகிறது. எதிர்க்கரையில் எதிரி நிற்பது நன்றாகத் தெரிகிறது, அவன் பேசுவதும் கேட்கிறது, ஆனால் போக முடியாது. நடையை மட்டும் தடுக்கும் சுவர் அது. கூத்தில் இருவர் பிடித்து நிற்கும் திரைக்குப் பார்வையை மட்டும் மறைத்தால் போதும். பின்னால் இருப்பவர் பாடுவது காதில் விழும், நினைத்தால் தாண்டியும் வரலாம். வாழைத்தோப்புக்கென்றே பார்வையை அரைகுறையாகத் தடுக்கும் ஒருவகைச் சுவர் இருக்கிறது. பார்வை முதல் கோட்டைத் தாண்டும், இரண்டாவதில் நின்றுவிடும். அதனால் தோப்பு தெரியும், தோப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவன் தெரியமாட்டான். மேற்கத்திய டிஎம்கள் பாறைக்கும் புதருக்கும் பயன்படுத்தும் இந்த ஏற்பாடு, மட்டமான வயல்நாட்டில் கதையையே காப்பாற்றிவிடுகிறது.

இதைவிட அழகான விஷயம் ஒன்று உண்டு. சுவரைக் கதவாகவும் வைக்கலாம், ரகசியக் கதவாகவும் வைக்கலாம். ரகசியக் கதவு இருப்பது டிஎம்முக்கு மட்டுமே தெரியும். ஆற்றின் மேல் அப்படி ஒன்றைப் போட்டு வையுங்கள். சித்திரையில் அதைத் திறந்துவிட்டால் மணலில் நடந்தே அக்கரை போகலாம். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்து அது கல்லணை தாண்டி வந்ததும் ஒரே சொடுக்கில் மூடிவிடலாம். நேற்று வந்த வழியில் இன்று திரும்ப முடியாது. ஆடுபவர்கள் திகைப்பார்கள். டெல்டாக்காரர் மட்டும் திகைக்கமாட்டார்.

இருட்டு வேண்டுமென்றால் பெரிய கோயில் இருக்கிறது. விமானத்தின் உயரத்தை எல்லோரும் பாடியாகிவிட்டது. எனக்குப் பிடித்தது கருவறையைச் சுற்றிவரும் உட்சுற்று. அங்கே நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடத்தில், அடியில் சோழர் ஓவியம் இருப்பதை எஸ்.கே.கோவிந்தசாமி கண்டது 1931இல். இதை ஒரு காட்சியாக அமைத்திருக்கிறேன். டோக்கனின் கையில் ஒரே ஒரு விளக்கு. பிரகாசம் இவ்வளவு தூரம், மங்கல் இவ்வளவு தூரம், சுடர் இவ்வளவு நடுங்க வேண்டும் என்று அதற்கு அளவு வைக்கலாம். கீழே சோழர் ஓவியம், அதன் மேல் தனிப் படமாக நாயக்கர் ஓவியம். விளக்கோடு ஒருவர் அருகில் போய் நின்றதும் மேல் படத்தை மறைத்துவிடுவேன். முதல்முறை செய்தபோது பெங்களூரில் இருந்த நண்பர் மைக்கை அணைக்க மறந்து "அடப்பாவி" என்றார். எந்த விமர்சகரிடமும் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

மழை பெய்கிற, புகை நெளிகிற, முப்பரிமாணத்தில் சுழல்கிற வரைபடங்களை விற்கிறார்கள். வாங்கிப் பார்த்தாயிற்று. எல்லாவற்றையும் படமே காட்டிவிட்டால் டிஎம்முக்கு அங்கே என்ன வேலை? சத்தம் வேறு விஷயம். திருவையாற்றுத் தெருவில் ஒரு புள்ளி வைத்து நாதஸ்வரத்தை ஒலிக்கவிட்டு, எட்டும் தூரத்தையும் குறித்துவிட்டால், டோக்கன் நகர நகர வாசிப்பு தேயும். கதவை மூடினால் அடங்கும்.

பகடை விஷயத்தில் ரோல்20காரர்கள் ஒளிக்கற்றையின் ஏற்ற இறக்கத்திலிருந்து எண் எடுப்பதாகப் பெருமையாகச் சொல்வார்கள். ஃபவுண்ட்ரி கணித முறையில் எண் பிறப்பிக்கிறது. ஆடுபவருக்கு இரண்டும் ஒன்றே. எனக்கு வேண்டியது தாயக்கட்டை. வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு முகம், இரண்டு கட்டை. நாலு முகப் பகடை இரண்டை உருட்டி இரண்டைக் கழி என்று எழுதினால் தீர்ந்தது. பூஜ்யம் வந்தால் பன்னிரண்டு. கணக்குப் போட்டால் பதினாறில் நான்கு தடவை மூன்று விழும், இரண்டு தடவை தாயம், ஒரே ஒரு தடவை பன்னிரண்டு. இருபது முகப் பகடையில் ஒன்றுக்கும் இருபதுக்கும் சம வாய்ப்பு. தாயக்கட்டையோ நடுவில் நின்று கெஞ்சவைத்து, எப்போதாவதுதான் அள்ளிக் கொடுக்கும். நம் ஊர்க் கதைகளுக்கு அதுதான் பொருந்துகிறது. திரையில் பகடை உருளுவதைக் காட்டும் துணை நிரல்கள் உண்டு. பித்தளைக் கட்டை சிமெண்டுத் தரையில் விழும் சத்தத்தை நாமே பதிவு செய்து சேர்த்தால்தான் உண்டு.

2022இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொகுப்பொன்றில் மிமி மொண்டல் வங்காளத்தை மனதில் வைத்து ஒரு கதை எழுதியிருக்கிறார். ஆற்றுநாட்டை உலக ஆட்டக்காரர்கள் ஏற்பார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. காவிரிக்கு அப்படி ஒருவர் வரும்வரை நம் வரைபடத்தை நாமே வரைந்துகொள்ள வேண்டியதுதான்.

ஃபவுண்ட்ரியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியவர் டிஎம் மட்டும்தான். 50 டாலர், ஒரே தடவை. மற்றவர்கள் பிரவுசரில் வந்து உட்கார்ந்தால் போதும். ஆனால் தனியாக சர்வர் எடுக்காவிட்டால் ஆட்டம் ஓடுவது டிஎம் வீட்டுக் கணினியில். ஐப்பசி அடைமழையில் இங்கே கரண்ட் போனால் சிங்கப்பூரிலும் ஆட்டம் நின்றுவிடும். யுபிஎஸ் வாங்குகிறவர்கள் அதில் ரவுட்டரையும் சேர்த்து மாட்டிக்கொள்வது நல்லது.