தாளிக்கொடியும் இரு சங்கப் பாடல்களும்

அட்டாளைச்சேனை என்னும் ஊர்ப்பெயரில் அட்டாளையும் சேனையும் இணைந்துள்ளன. முன்னையது பயிரைக் காப்பதற்கு அமைக்கும் பரண். பின்னையது காடு வெட்டிச் செய்யும் மேட்டுநிலப் பயிர்ச்செய்கை. ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். கடற்கரை மணலிற் படரும் அடம்பனைத் தமிழுலகம் நன்கறியும். அது திரண்டால் மிடுக்கு என்னும் பழமொழியே அதற்கு நிலைத்த பெயரைத் தேடித் தந்துவிட்டது. அதன் இனத்ததாகிய தாளிக்கு அப்பேறு கிட்டவில்லை. உலர்வலயத்து வேலிகளிலும் பற்றைகளிலும் சுற்றி ஏறும் காட்டுக்கொடி இது. இதய வடிவான இலையும், வெளிறிய நிறத்துப் புனல்வடிவப் பூவும் உடையது. தாவரவியலார் இதனை ஐபோமியா செபியேரியா என வழங்கினர். இன்று ஐபோமியா மார்ஜினேட்டா என்னும் பெயருள் அடக்குவர். பழைய பெயரின் அடைமொழிக்கு வேலிக்குரியது என்பதே பொருள்.

சங்கப் பாடல்களிலே தாளி வருமிடத்து, 'ஒருவகைக் கொடி' என்று குறித்துக்கொண்டு மேற்செல்வதே மாணவரிடை வழக்கம். தாளிப்பனையோடு மயங்குவோரும் உளர். பனையைப் பசு எட்டி மேய்வது எங்ஙனம் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. கருப்பொருள் என்பது மரபு தந்த வெறும் பட்டியல் என்று கொள்வோருக்கு இம்மயக்கம் பெரிதாகத் தோன்றாது. ஆயின், கொடியை அறியாதவிடத்துப் பாடலே கைநழுவிப் போகின்றது என்பதற்கு இரு பாடல்களைக் காட்டலாம்.

குறுந்தொகை 104ஆம் பாடல் காவன்முல்லைப் பூதனார் பாடியது. பிரிவாற் கலங்கிய தலைவி தோழியிடம் கூறுகின்றாள்: நூலறுந்த முத்துப்போலப் பனித்துளி சிதற, காலைப் பசுக்கள் குளிர்ந்த தாளிக்கொடியை மேயும் நாளிலே அவர் பிரிந்தார். பனி உதிர்வதைப் பருவ வருணனை என்றும், பசு மேய்வதைப் பிறிதொரு காட்சி என்றும் பிரித்துப் படிக்க இயலும். எனினும், ஏறிப் படரும் கொடியை மனத்திற்கொண்டு படிப்பின் இரண்டும் ஒரு நிகழ்ச்சியாகிவிடுகின்றன. தரையிற் படர்ந்த அடம்பனை இழுத்தால் மணலே சரியும். வேலிமீது வலைபோற் பின்னிக் கிடக்கும் தாளியின் ஒரு நுனியைப் பசு கடித்திழுத்தாலோ, கொடி முழுவதும் குலுங்கித் துளிகள் ஒருங்கே உதிரும். நூல் அறுவது அக்கணத்திலேதான். உவமையின் இயக்கம் கொடியின் இயல்பிலிருந்து பிறக்கின்றது. கேரளத்தில் திருத்தாளி எனப்படும் இதே கொடி, மகளிர் தனு மாதத்துத் திருவாதிரையிற் சூடும் தசபுஷ்பங்களுள் ஒன்று, அதுவும் பனிக்காலமே.

புறநானூறு 252 மாற்பித்தியார் பாடியது. தாபத வாகைத் துறையைச் சார்ந்தது. ஐந்தே அடிகள். அருவிநீர் ஏற்று நிறம்மாறித் தில்லைபோலப் பொலிவிழந்த சடையோடு செறிந்த இலைத் தாளியைக் கொய்பவன், முன்பு மகளிரைச் சொல்வலையாற் பிணித்த வேட்டுவன் என்பது அதன் பொருள். சுவைப்போர் அனைவரும் சொல்வலை என்னும் உருவகத்திலேயே நின்றுவிடுவர். அது அழகிய உருவகம் என்பதில் ஐயமில்லை. ஆனாற் பாடலின் பாரம் தாளியிலேதான் உள்ளது. கீழைக்கரைக் களப்போரங்களிலும் வளரும் தில்லை, தன் இலை உதிருமுன் மஞ்சளும் செம்மையுமாக நிறம்மாறும். அதன் பால் கண்ணைக் கெடுக்கும். தாளியிலையோ கீரையாகச் சமைக்கப்படுவது. உண்பதற்காகவே அவன் கொய்கின்றான் எனப் பாடல் வெளிப்படக் கூறவில்லை. எனினும், தாபதன் இலை பறிப்பதற்கு வேறு பொருத்தமான காரணம் காண்பது அரிது.

இவ்விடத்திற் பெருஞ்சித்திரனாரின் புறநானூறு 159ஆம் பாடல் ஒப்புநோக்கற்பாலது. அங்கே பால்வற்றிய தாயொருத்தி குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைக் கொய்து உப்பின்றி உண்கின்றாள். அவளும் கொய்கின்றாள், இவனும் கொய்கின்றான். அவளை அச்செயலுக்குத் தள்ளியது வறுமை. இவன் தானே அதனைத் தெரிந்துகொண்டவன். துறவு என்பது இங்குத் தத்துவமாகப் பேசப்படவில்லை. வறியவள் பறிக்கும் இலையுணவுக்கு, பசு மேயும் வேலிக்கொடிக்கு, ஒரு மனிதன் இறங்கி வந்துவிட்டான் என்பதே காட்டப்படுகின்றது. தாளியை 'ஒருவகைக் கொடி' என்று விட்டுவிட்டால் இந்த இறக்கம் தெரியாது. எஞ்சுவது பழைய காமுகனொருவன் மனந்திருந்திய கதை மட்டுமே.

பின்னிக் கிடக்கும் கொடியே ஒரு வலையன்றோ, வலைவிரித்தவன் இப்போது வலையின்முன் நிற்கின்றான் அன்றோ என்று குறியீடு காண்பாரும் இருக்கலாம். அது மிகை. மாற்பித்தியார் தாளிக்குத் தந்த அடை ஒன்றே. அது கொடியின் பின்னலைச் சுட்டவில்லை, இலையின் செறிவைச் சுட்டுகின்றது. கைக்கு நிறைய அகப்படும் இலை அது.