ஏற்காட்டுப் பனிமூட்டத்துக்குத் தாக்குப்பிடிக்குமா பிளெண்டர்?

கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கற்கத் தொடங்குபவர்களுக்கு இணையத்தில் முதலில் அகப்படும் பாடம் பெரும்பாலும் ஒரு டோனட்தான். ஆண்ட்ரூ பிரைஸ் 'பிளெண்டர் குரு' என்ற பெயரில் நடத்தும் அந்தப் பாடம் நல்ல பாடமும்கூட. ஆனால் மேசைமேல் இருக்கும் டோனட்டுக்குப் பின்னால் மலை கிடையாது, காடு கிடையாது, நகரும் மேகம் கிடையாது. சினிமா ஷாட் என்றால் இவையெல்லாம் வந்தே தீரும். அதனால் பிளெண்டர் 4.5 பதிப்பை ஏற்காட்டில் வைத்துச் சோதித்தேன். கொடுத்த தேர்வுகள் மூன்று: சேலம் பக்கத்து மலைச்சரிவு, பனி புகுந்த காபித் தோட்டம், லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து இரவில் தெரியும் சேலம் நகரம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சினிமாத் தரத்துக்கு இந்த மென்பொருள் தடையே இல்லை. எதற்கு நேரத்தைக் கொட்டுவது, எதில் மிச்சம் பிடிப்பது என்ற கணக்குத்தான் புதியவரைத் தடுக்கிறது. அந்தக் கணக்கைப் பிளெண்டர் தானாகச் சொல்லித் தருவதில்லை.

விலையும் இயந்திரமும்

மலை ஏறும் முன், ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு இன்றும் நிற்கிறது. தமிழின் முதல் வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் டி.ஆர்.சுந்தரத்தின் அந்த நிறுவனத்திலிருந்துதான் வந்தது. அன்றைக்குப் படத்தின் தரம் என்றால் தளம், ஃபிலிம் சுருள், லேப் என்று ஒரு முதலாளியின் பணப்பெட்டி. பிளெண்டருக்கு அந்தப் பெட்டி வேண்டாம். நெதர்லாந்துக்காரரான டான் ரூசன்டால் உருவாக்கிய இந்த மென்பொருளை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, பயனர்கள் ஒரு லட்சம் யூரோ திரட்டி 2002இல் இதைத் திறமூலமாக மீட்டார்கள். அன்றிலிருந்து இலவசம். மாணவர் உரிமம், படத்தின் மூலையில் முத்திரை, ஆண்டுச் சந்தா எதுவும் கிடையாது.

செலவு இயந்திரத்தில் வருகிறது. 8 ஜிபி ராம் இருந்தாலே பிளெண்டர் திறந்துகொள்ளும். பிளெண்டர் அமைப்பு பரிந்துரைப்பதோ 32. நான் ஓட்டியது 16 ஜிபி ராமும், 8 ஜிபி நினைவகம் கொண்ட என்விடியா கிராஃபிக்ஸ் கார்டும் உள்ள லேப்டாப். டோனட்டுக்கு இது தாராளம். காபித் தோட்டத்துக்கு இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

முதல் தேர்வு: மலைச்சரிவு

மலையைக் கையால் செதுக்கத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டு எண்டெவர் விண்ணோடம் ரேடார் மூலம் அளந்த நில உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. சேர்வராயன் மலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, கறுப்பு வெள்ளைப் படமாக்கி, 'டிஸ்பிளேஸ்' மாடிஃபையரில் கொடுத்தால் தட்டையான பரப்பு மலையாக எழும்பி நிற்கிறது. நம் ஊர் மலையின் சாயல் திரையில் தெரியும் அந்தக் கணம் தரும் உற்சாகத்தை எந்த டோனட்டும் தராது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உயரப்படத்தை 8 பிட்டில் சேமித்தால் மொத்தம் 256 படிகள்தான். சேலம் சமவெளிக்கும் மலையுச்சிக்கும் இடையே சுமார் 1,300 மீட்டர் வித்தியாசம். வகுத்துப் பார்த்தால் ஒரு படிக்கு 5 மீட்டர். சரிவு முழுக்கப் படிக்கட்டு வெட்டியதுபோல் தெரியும். 16 பிட் கோப்பாகச் சேமித்து, நிற அமைப்பை 'நான்-கலர்' என்று மாற்றினால் படிகள் மறைந்துவிடுகின்றன.

இன்னொரு குறைக்குப் பிளெண்டர் பொறுப்பல்ல. தரவில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. மலைச்சாலையின் அகலம் அதைவிட மிகக் குறைவு. அதனால் கொண்டை ஊசி வளைவுகள் இருபதும் காணாமல் போகின்றன. சாலையை ஒரு வளைகோடாக வரைந்து மலைமேல் ஒட்டிக்கொள்ளலாம். 'ஷ்ரிங்க்ராப்' அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. வானத்துக்கு 'ஸ்கை டெக்ஸ்சர்' நோட் போதும். அதில் கடல் மட்டத்திலிருந்து உயரம் கேட்கும் பெட்டி ஒன்று உண்டு. 1,500 மீட்டர் கொடுத்துவிட்டு, சூரியனின் கோணத்தைக் காலை ஏழு மணிக்குத் திருப்பினால் வெயிலின் நிறம் தானாக அமைகிறது. இந்தத் தேர்வில் முழு மதிப்பெண்.

இரண்டாம் தேர்வு: பனி புகுந்த தோட்டம்

ஏற்காட்டுத் தோட்டம் மூன்று அடுக்கு. மேலே சில்வர் ஓக், அதன் தண்டில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காபிச் செடி. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மாதிரி செய்துகொண்டு, 'ஜியாமெட்ரி நோட்ஸ்' கொண்டு சரிவு முழுக்கத் தூவினேன். ஒரே மரத்தின் நிழல் நகல்கள் என்பதால் ஆயிரக்கணக்கான மரங்கள் நினைவகத்தில் அடங்கிவிடுகின்றன. காபி இலைக்குப் பளபளப்பைச் சற்றுக் கூட்ட வேண்டும். எல்லா இலைக்கும் வெயில் ஊடுருவ 'டிரான்ஸ்லூசன்ட்' கலக்க வேண்டும். இதை விட்டால் தோட்டம் பிளாஸ்டிக் செடிக் கடையாகிவிடும்.

பிறகு பனி. 'பிரின்சிபிள்ட் வால்யூம்' நோடைப் போட்டதும் தோட்டமே காணாமல் போனது. அடர்த்தி 1 என்று வைத்தே அந்த நோட் வருகிறது. பார்வை எட்டும் தூரத்தைக் கணக்கிட எளிய வழி, 4ஐ அடர்த்தியால் வகுப்பது. அடர்த்தி 1 என்றால் 4 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஏற்காட்டின் கனத்த பனியில் 50 மீட்டர் தெரிகிறது என்று கொண்டால், வேண்டிய எண் 0.08.

அந்த எண்ணைக் கொடுத்த பிறகும் வந்தது பனியாக இல்லை, அழுக்குப் புகையாக இருந்தது. காரணங்கள் இரண்டு. முதலாவது, நோடின் நிறம் சாம்பலில் இருக்கிறது. பனித்துளி ஒளியை விழுங்குவதில்லை, சிதறடிக்க மட்டுமே செய்யும். எனவே நிறத்தை வெள்ளைக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது, ரெண்டர் அமைப்பில் 'லைட் பாத்ஸ்' பகுதியில் வால்யூமுக்கான துள்ளல் எண்ணிக்கை பூஜ்யத்தில் கிடக்கிறது. ஒளி ஒரு துளியில் பட்டுத் தெறித்து அடுத்த துளிக்கும் அதற்கடுத்த துளிக்கும் போவதால்தான் பனி வெண்மையாகத் தெரிகிறது. பூஜ்யத்தில் விட்டால் முதல் தெறிப்போடு கதை முடிந்துவிடும். அதை எட்டுக்கு உயர்த்தி, 'அனைசோட்ரபி'யை 0.7க்குத் தள்ளியதும் சூரியன் இருக்கும் திசையில் பனி ஒளிர ஆரம்பித்தது. திரையில் ஏற்காடு வந்துவிட்டது. ரெண்டர் நேரமும் எகிறிவிட்டது.

ஏன் எகிறுகிறது? பிளெண்டரின் 'சைக்கிள்ஸ்' ரெண்டரர் ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் ஒளிக்கதிர்களைக் குத்துமதிப்பான திசைகளில் அனுப்பிச் சராசரி எடுக்கிறது. 1986இல் ஜேம்ஸ் கஜியா முன்வைத்த சமன்பாடுதான் இந்த முறைக்கு அடிப்படை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது; பனியில் ஒவ்வொரு சோறும் வெவ்வேறு பதத்தில் வெந்திருக்கும். சாம்பிள், அதாவது பிக்சலுக்கு அனுப்பும் கதிர்களின் எண்ணிக்கை, குறைந்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல். இரைச்சலைப் பாதியாக்க சாம்பிள்களை நான்கு மடங்காக்க வேண்டும். டீனாய்சரைப் போட்டால் புள்ளிகள் போகும். ஆனால் சாம்பிள் மிகக் குறைவாக இருந்தபோது சில்வர் ஓக்கின் கீறிக்கீறியான இலைகள் ஒன்றோடொன்று குழைந்து பச்சைத் திட்டாகிவிட்டன.

மிச்சம் பிடிக்கும் வழி 'மிஸ்ட் பாஸ்'. கேமராவிலிருந்து தூரத்தை மட்டும் ஒரு தனிப் படமாக எடுத்து, கம்பாசிட்டரில் தூரத்துக்கேற்ப வெண்மையைக் கலப்பது. ரெண்டர் நேரம் ஏறக்குறைய கூடுவதே இல்லை. பகல் நேரத்து மலைச்சரிவுக்கு இதுவே போதும். வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம். மரங்களுக்கு இடையே ஒளிக்கற்றை இறங்க வேண்டும், வளைவில் திரும்பும் பேருந்தின் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் வேண்டும் என்றால் மட்டும் உண்மையான வால்யூம் தேவை. எந்த ஷாட்டுக்கு எது என்று பிரிக்கத் தெரிந்தவர் பாதி சினிமாக்காரர்.

மூன்றாம் தேர்வு: இரவுச் சேலம்

கீழே ஆயிரக்கணக்கான சிறு விளக்குகள், மேலே இருட்டு. இத்தனை விளக்குகளில் எதை நோக்கிக் கதிர் அனுப்புவது என்று தெரியாமல் பழைய சைக்கிள்ஸ் தடுமாறும். 2023இல் 3.5 பதிப்பில் வந்த 'லைட் ட்ரீ', அருகிலிருக்கும், பிரகாசமான விளக்குகளுக்கு முன்னுரிமை தருகிறது. அடிவார விளக்குகளை ஒளிரும் சிறு புள்ளிகளாக மட்டும் வைத்து, பக்கத்துக் கைப்பிடிச் சுவர்மேல் விழும் வெளிச்சத்துக்கு ஓரிரு உண்மையான விளக்குகளை வைத்தபோது படம் சுத்தமாக வந்தது. பிளெண்டரின் 'ஏஜிஎக்ஸ்' வண்ண அமைப்பு இங்கே பெரிய உதவி. சோடியம் விளக்கின் மஞ்சள் வெடித்துப் பட்டையாகாமல், ஃபிலிமில் போல மெதுவாக வெளிறுகிறது.

அசையும்போது என்ன ஆகும்?

ஒரு ஸ்டில்லுக்குப் பத்து நிமிடம் பொறுக்கலாம். சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம். பத்து நொடி ஷாட்டுக்கு 240 ஃபிரேம், பத்து நிமிடம் வீதம் 40 மணி நேரம். பிளெண்டரின் இன்னொரு ரெண்டரரான 'ஈவீ' இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. ஃபிரேமுக்குப் பத்து நொடி என்றால் அதே ஷாட் 40 நிமிடத்தில் முடியும். ஒளியின் துல்லியம் சற்றுக் குறையும், அவ்வளவே. லாத்வியாவின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கிய 'ஃப்ளோ' 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வென்றது. பிளெண்டரில் செய்து, ஈவீயில் ரெண்டர் செய்த படம். துல்லியத்தில் விட்டதைக் காட்சியமைப்பில் பிடித்த படம் அது.

மலையில் ரெண்டர் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வீடியோ கோப்பாக நேரடியாக எடுக்காதீர்கள். கரண்ட் போனால் பாதியில் நின்ற எம்பி4 பயனற்றதாகிவிடலாம். தனித்தனிப் படங்களாக எடுத்து, 'ஓவர்ரைட்'டை அணைத்து வைத்தால் கரண்ட் வந்ததும் விட்ட ஃபிரேமிலிருந்து தொடரும்.

குறைகள்

பதிப்புக்குப் பதிப்பு பொத்தான்கள் இடம் மாறுகின்றன. ஈவீயிலிருந்த 'ப்ளூம்' 4.2 பதிப்பில் எடுக்கப்பட்டு, அந்த வேலை கம்பாசிட்டருக்குப் போனது. பழைய காணொளியைப் பார்த்துக் கற்பவர் இல்லாத பொத்தானைத் தேடிக் களைத்துப்போவார். கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் நிரம்பினால், எந்த டெக்ஸ்சர் காரணம் என்று சொல்லாமல் ரெண்டர் நின்றுவிடுகிறது. பூஜ்யத்தில் கிடக்கும் துள்ளல் எண்ணிக்கை போன்ற அமைப்புகளுக்கு அருகில் ஒரு வரி எச்சரிக்கையாவது வைக்கலாம். வேலைவாய்ப்புக்காகக் கற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பெரிய விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோக்களில் மாயா, ஹூடினி, நியூக்தான் இன்னும் கோலோச்சுகின்றன. ஒளி, மெட்டீரியல், கம்பாசிட்டிங் பற்றிப் பிளெண்டரில் கற்றது அங்கேயும் செல்லும், குறுக்குவிசைகள் செல்லாது.

யாருக்கு?

சொந்தக் குறும்படத்துக்கு இரண்டு ஷாட் வேண்டும் என்பவர், கல்லூரி மாணவர், கட்டடக்கலை படிப்பவர் எல்லோரும் யோசிக்காமல் இறக்கிக்கொள்ளலாம். புது லேப்டாப் வாங்குவதாக இருந்தால் திரையின் பளபளப்பைவிட, கிராஃபிக்ஸ் கார்டில் 8 ஜிபியாவது நினைவகம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே இருப்பது சாதாரண இயந்திரம் என்றால் ஈவீயிலும் மிஸ்ட் பாஸிலும் தொடங்குங்கள். ஒரு ஷாட்டையாவது அதில் முழுதாக முடித்த பிறகு சைக்கிள்ஸுக்கும் வால்யூமுக்கும் போனால் போதும். அதற்குள் எந்தக் காட்சிக்கு அவை உண்மையிலேயே தேவை என்று உங்களுக்கே பிடிபட்டிருக்கும்.