எபிரேய எழுத்தோவியங்களும் சொற்பொருளும்

தொல் எபிரேய எழுத்துகளின் படப்பொருளைக் கொண்டு தீட்டப்படும் ஓவியங்களில் 'ஆலெஃப்' மாட்டுத் தலையாகவும் 'பேத்' வீடாகவும் உருப்பெறுகின்றன. கொம்பு சாய்ந்து கோடாகும் அழகை மறுப்பதற்கில்லை. ஆயின், இவ்விரண்டும் இணைந்த 'ஆவ்' (தந்தை) என்னும் சொல்லை 'வீட்டின் வலிமை' எனத் தீட்டுவது (மாடு வலிமையைக் குறிக்குமாம்) பொருந்துவதன்று. ஓவியருக்கு அவ்வுரிமை உண்டெனினும், அதனைச் சொற்பிறப்பாக அடிக்குறிப்பில் ஏற்றும் மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை. சினாய்க் கல்வெட்டுகளில் வீடு, கண், தாற்றுக்கோல், குறுக்குக்கோடு என வரும் தொடரைக் கார்டினர் 1916இல் 'பஅலத்' (தலைவி) எனப் படித்தார். படங்கள் தத்தம் பெயரின் முதலொலியை மட்டுமே தந்தன. வீடும் கண்ணும் அச்சொல்லின் பொருளில் இல்லை. மேலும், 'ஆவ்' என்பதற்கு இனச்சொல்லான அக்காதிய 'அபு', நெடுங்கணக்கு தோன்றுமுன்பே ஆப்பு வடிவ எழுத்தில் பதிவாகிவிட்டது.