படப்பலகையும் வினைமுற்றும்: மொழியிழப்புக்கான கருவிகள்

பக்கவாதத்திற்குப் பின் நேரும் மொழியிழப்பில் சிந்தனை பெரும்பாலும் எஞ்சியிருக்கச் சொல் நழுவுகிறது. 1861இல் பிரோக்கா ஆராய்ந்த நோயாளியிடம் ஏறத்தாழ 'டான்' என்னும் ஓரசையே மிஞ்சியிருந்தது. படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கும் செயலிகள் இன்று இத்தகையோருக்குத் துணைநிற்கின்றன. அவற்றின் அலகு பெரிதும் தனிச்சொல்லே. விகுதி குறைந்த ஆங்கிலத்திற்கு அது ஓரளவு போதும். தமிழ் வினைமுற்றோ பால், எண், இடத்தோடு மரியாதையையும் சுமக்கிறது. 'வருதல்' படத்தைத் தொட்டவர் பேரனை அழைக்கிறாரா, சம்பந்தியையா? சம்பந்தியிடம் கருவி 'வா' என்றால் நேர்வதை விளக்க வேண்டியதில்லை. 'வாருங்கள்' என்றாலோ, வீட்டில் எவரும் பேசாத எழுத்துநடையில் பேரனுக்கு அவர் அந்நியராகிறார். விகுதிகளுக்குத் தனிப் பொத்தான்கள் அமைப்பதும் பொருந்தாது. இலக்கணச் சிதைவுடையோர் இடறுவது பெரும்பாலும் அவற்றில்தான். கேட்பவரின் படத்தை முதலில் தொடச்செய்து, பேச்சுவழக்கு விகுதியைக் கருவியே சேர்ப்பது தகும். அதற்கு வேண்டிய பேச்சுத்தமிழ் உருபனியல் விவரிப்பு நம் துறையின் பொறுப்பு. பொறியாளரிடம் அதனை எதிர்பார்ப்பது முறையன்று.